ரேடார் இருந்தும் மோதிய கப்பல்கள்... வாளியில் அள்ளிய எண்ணெய்! எண்ணூருக்கு வானம் சொல்லும் பாடம்

2017 ஜனவரி 28, சனிக்கிழமை. மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அன்று அதிகாலை 4 மணி வாக்கில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குச் சற்று வெளியே, கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன.

ஒன்று, சமையல் கேஸை இறக்கிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த 'பி.டபிள்யூ. மேப்பிள்'. இன்னொன்று, பெட்ரோலியப் பொருள்களைச் சுமந்துகொண்டு உள்ளே வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்'. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எண்ணெய்க் கசிவும் இல்லை என்றுதான் துறைமுகத் தரப்பு முதலில் சொன்னது.

ஆனால், கடல் வேறு கணக்கு சொன்னது. எர்ணாவூர், திருவொற்றியூர், காசிமேடு என்று அலை தொட்ட இடமெல்லாம் தார் போல கறுப்பு எண்ணெய் ஒதுங்கியது. தெற்கே மெரினாவைத் தாண்டியும் போனது. எர்ணாவூரை ஒட்டிய ராமகிருஷ்ணா நகர் குப்பத்தில், தூண்டில் வளைவுக் கற்களுக்கு நடுவே கசடு கெட்டியாகத் தேங்கி நின்றது. செத்துப்போன ஆமைகள் கரையில் கிடந்தன. கொட்டிய எண்ணெய் சுமார் 196 டன் என்று அரசுத் தரப்பு பிற்பாடு கணக்குச் சொன்னது.

அதன்பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடலோரக் காவல்படையினர், தீயணைப்பு வீரர்கள், மீனவர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று, பிளாஸ்டிக் வாளியில் எண்ணெயை அள்ளிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். அந்தப் படம் நாடு முழுக்கப் பரவியது. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எனக்கும் அந்தப் படம்தான் மனதில் நின்றது. எங்கள் ராயபுரம் வீட்டில் பல நாள்களுக்கு மீன் குழம்பு இல்லை. மார்க்கெட்டில் மீன் இருந்தும் வாங்க ஆள் இல்லை. எண்ணெய் படாத ஆழ்கடலில் பிடித்த மீனையும் ஜனங்கள் சந்தேகமாகவே பார்த்தார்கள்.

பத்திரிகைப் படிப்பு முடித்து வேலைக்கு வந்த பிறகுதான், அந்த வாளிக்கு முந்தைய கேள்வி எனக்கு உறைத்தது. இந்த அளவுள்ள கப்பல்களில் ரேடார் கட்டாயம். தன் பெயர், இடம், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் சுற்றியுள்ள கப்பல்களுக்குத் தானாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியும் கட்டாயம். பேசிக்கொள்ள வயர்லெஸ் உண்டு. பெரிய துறைமுகங்களில் கரையில் உட்கார்ந்து கப்பல் போக்குவரத்தைத் திரையில் பார்க்கும் நிலையங்களும் உண்டு. இவ்வளவு இருந்தும், பரந்த கடலில் இரண்டு பெரிய கப்பல்கள் எப்படி ஒன்றின் மேல் ஒன்று போய் மோத முடியும்?

அந்த விபத்தில் யார் பக்கம் எவ்வளவு தவறு என்று தீர்ப்பு எழுத இந்தக் கட்டுரை வரவில்லை. ஆனால், 'கருவி இருந்தும் ஏன்?' என்ற கேள்விக்குப் பல ஆண்டுகளாகப் பதில் தேடிக்கொண்டிருக்கும் துறை ஒன்று இருக்கிறது. அது நம் தலைக்கு மேலே இருக்கிறது. விமானங்களை வழிநடத்தும் ஏ.டி.சி. என்கிற வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு!

கடலில் ஆலோசனை... வானத்தில் உத்தரவு!

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்வோம். கடலில், கரையில் இருக்கும் நிலையம் பெரும்பாலும் தகவல் சொல்லும், எச்சரிக்கும், ஆலோசனை தரும். கப்பலை எந்தப் பக்கம் திருப்புவது என்பது கேப்டன் எடுக்கிற முடிவு. துறைமுக பைலட் கப்பலில் ஏறி வழிகாட்டினாலும், பொறுப்பு கேப்டனுடையதுதான்.

1972-ல் உருவான கடல் மோதல் தடுப்பு விதிகள் உலகம் முழுக்க எல்லாக் கப்பல்களுக்கும் பொது. கண்ணாலும் காதாலும், கையில் இருக்கும் எல்லா வழிகளாலும் எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது அதில் ஒரு விதி. அரைகுறைத் தகவலை வைத்து, குறிப்பாக ரேடாரில் தெரிந்த அரைகுறைத் தகவலை வைத்து, எதையும் ஊகிக்கக் கூடாது என்கிறது இன்னொரு விதி. அரை நூற்றாண்டுக்கு முன்பே, 'திரையை மட்டும் நம்பாதே' என்று எழுதி வைத்துவிட்டார்கள்!

வானத்தில் கதை வேறு. விமானத்தை எந்த உயரத்தில், எந்தத் திசையில் ஓட்ட வேண்டும் என்று தரையில் இருக்கும் கன்ட்ரோலர் சொல்வார். ஆபத்து வந்தால் தவிர, பைலட் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ரேடார் கண்காணிப்பில் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு இடையே மேலும் கீழுமாக 1,000 அடி, அல்லது பக்கவாட்டில் சில கடல் மைல் இடைவெளி இருந்தாக வேண்டும். அந்த இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் கன்ட்ரோலரின் உயிர்நாடியான வேலை.

இந்திய வான்வெளியை டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரிய பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னையின் பொறுப்பு மீனம்பாக்கம் ரன்வேயோடு முடிந்துவிடாது. வங்காள விரிகுடாவுக்கு மேலே நெடுந்தூரம் நீள்கிறது. திருவொற்றியூர் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற அந்த வானத்தில் பெரும்பகுதி சென்னை கன்ட்ரோலர்களின் கண்காணிப்பில்தான் இருக்கிறது.

ஒரு கட்டுப்பாட்டு அறையில் என்னென்ன தானாக நடக்கிறது தெரியுமா? திரையில் ஒவ்வொரு விமானமும் ஒரு புள்ளி. பக்கத்திலேயே அதன் பெயர், உயரம், வேகம் எழுத்தில் வரும். இரண்டு விமானங்கள் ஆபத்தான அளவுக்கு நெருங்கப்போகிறது என்று கம்ப்யூட்டர் கணித்தால், அந்த எழுத்துகள் மின்னி எச்சரிக்கும். ரேடார் எட்டாத நடுக்கடலில், விமானம் தன் இடத்தை செயற்கைக்கோள் வழியாகத் தானே அனுப்பும். கன்ட்ரோலரும் பைலட்டும் எஸ்.எம்.எஸ். போல எழுத்திலேயே பேசிக்கொள்ளலாம்.

முன்பு கரகரக்கும் ரேடியோவில், சொன்னதையே மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரேடியோவில் ஒருவர் பேசினால், அதே அலைவரிசையில் பறக்கும் எல்லோர் காதிலும் அது விழும். 'ஓகோ, முன்னால் போகிறவன் உயரத்தை மாற்றுகிறான்' என்று மற்றவர்கள் உஷாராகலாம். கடலில் நம் விசைப்படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில் அடுத்தவர் பேச்சைக் கேட்டே மீன் எங்கே, காற்று எப்படி என்று தெரிந்துகொள்வதைப் போல. எழுத்துச் செய்தியில் அந்த ஒட்டுக்கேட்கும் வசதி போய்விடுகிறது. ஒரு வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும்போது, வேலை மட்டும் போவதில்லை. அதோடு ஒட்டியிருந்த வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து போகிறது.

349 உயிர்கள் கேட்ட கருவி

1996 நவம்பர் 12. டெல்லியிலிருந்து கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது சவுதி அரேபியாவின் போயிங் 747. டெல்லியில் இறங்க வந்துகொண்டிருந்தது கஜகஸ்தானின் இல்யூஷின் 76. எதிரெதிராக, ஒரே பாதையில். சவுதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று கன்ட்ரோலர் சரியாகத்தான் பிரித்துக் கொடுத்திருந்தார். ஆனால், கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. இரண்டு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்துபோனார்கள். நடுவானில் விமானங்கள் மோதிக்கொண்டதில் உலகிலேயே மோசமான விபத்து இன்றுவரை இதுதான்.

அன்று டெல்லி கன்ட்ரோலரின் திரையில், விமானம் இருக்கும் இடம் தெரியும். உயரம் தெரியாது. பைலட் வாயால் சொன்னால்தான் உண்டு. கஜகஸ்தான் விமானத்திலோ, ரேடியோவில் ஆங்கிலத்தில் பேசியவர் ஒருவர், விமானத்தை ஓட்டியவர் இன்னொருவர்.

இங்கே கருவி வேண்டும் என்பதில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? விபத்துக்குப் பிறகு, உயரத்தையும் காட்டும் ரேடார் வந்தது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனிப் பாதைகள் வந்தன. 'டிகாஸ்' எனப்படும் மோதல் தடுப்புக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. எதிரே விமானம் நெருங்கினால் இந்தக் கருவி தரையைக் கேட்காமல் தானே முடிவு செய்து, ஒரு பைலட்டிடம் 'ஏறு' என்றும் இன்னொருவரிடம் 'இறங்கு' என்றும் குரல் கொடுக்கும். அப்பாடா, பிரச்னை தீர்ந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும்.

'ஏறு' என்றது கருவி... 'இறங்கு' என்றார் மனிதர்!

ஆறு வருடங்கள்கூட ஆகவில்லை. 2002 ஜூலை 1 இரவு. ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள், ஒரே உயரத்தில், 36,000 அடியில் ஒன்றையொன்று நெருங்கின. ஒன்று சரக்கு விமானம். இன்னொன்றில், ஸ்பெயினுக்கு விடுமுறைச் சுற்றுலா கிளம்பிய ரஷ்யக் குழந்தைகள். இரண்டிலும் டிகாஸ் இருந்தது, வேலையும் செய்தது.

அந்த வான்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தது சுவிட்சர்லாந்தின் ஜூரிச் கட்டுப்பாட்டு அறை. அங்கே அன்று இரவு விழித்திருந்து வேலை பார்த்த கன்ட்ரோலர் ஒரே ஒருவர். உடன் இருந்தவர் ஓய்வுக்குப் போயிருந்தார். அது அங்கே வழக்கமாக நடப்பதுதான். பராமரிப்புப் பணிக்காகக் கம்ப்யூட்டர் அமைப்பின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் நெருக்கத்தை முன்கூட்டியே காட்டும் எச்சரிக்கை திரையில் வரவில்லை. முக்கியத் தொலைபேசி இணைப்பும் இல்லை. தாமதமாக வந்த இன்னொரு விமானத்தை இறக்கும் வேலையையும் அவரே இரண்டாவது திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஜெர்மன் கட்டுப்பாட்டு அறையில் ஆபத்தைப் பார்த்துவிட்டு போன் போட்டார்கள். லைன் கிடைக்கவில்லை.

கடைசி நிமிடத்தில் ஆபத்தைக் கண்ட அவர், ரஷ்ய விமானத்தை 'இறங்கு' என்றார். சில நொடிகளில் அதே விமானத்தின் டிகாஸ் 'ஏறு' என்றது. சரக்கு விமானத்தின் டிகாஸ் 'இறங்கு' என்றது. சரக்கு விமான பைலட்டுகள் கருவி சொன்னபடி இறங்கினார்கள். ரஷ்ய பைலட்டுகள் மனிதர் சொன்னபடி இறங்கினார்கள். இரண்டும் இறங்கி, மோதின. 71 பேர் இறந்தார்கள். அதில் 52 பேர் குழந்தைகள்.

2004-ல், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த விபத்தில் பறிகொடுத்த ஒருவர், அந்த கன்ட்ரோலரை வீடு தேடிப் போய்க் கொன்றார். ஆனால் 2007-ல் சுவிஸ் நீதிமன்றம் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டித்தது, அந்த நிறுவனத்தின் வேறு நான்கு பேரை. அன்று இரவு அந்தத் திரைக்கு முன் இருந்தது ஒரு மனிதர்தான். அவரை அங்கே தனியாக உட்கார வைத்ததில் பலருடைய முடிவுகள் இருந்தன.

இதில் யார் சோம்பேறி, யார் முட்டாள்? யாருமில்லை. கருவியும் சரியாகத்தான் வேலை செய்தது. 'கருவியும் மனிதரும் வேறு வேறு சொன்னால் யார் பேச்சைக் கேட்பது?' என்ற ஒரே ஒரு கேள்விக்கு, உலகம் முழுக்க ஒரே மாதிரியான, சந்தேகமில்லாத பதில் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. டிகாஸ் கட்டளை கொடுத்துவிட்டால் கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் டிகாஸ் பேச்சைத்தான் கேட்க வேண்டும். பைலட் அதைச் சொன்னவுடன், அந்த விமானத்துக்கு கன்ட்ரோலர் வேறு உத்தரவு தரக் கூடாது. இந்த இரண்டு வரி விதியைப் பளிச்சென்று எழுத 71 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

எத்தனை விசில் வந்துச்சு?

எங்கள் வீட்டில் தினமும் நடப்பது இது. அம்மா குக்கரை வைத்துவிட்டு, "நாலு விசில் வந்ததும் அடுப்பை நிறுத்துடி" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போவார். நான் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். திரும்பி வந்து, "ஏண்டி, எத்தனை விசில் வந்துச்சு?" என்று கேட்டால் திருதிருவென விழிப்பேன். மூன்றா, நான்கா? அம்மா மண்பானையில் சோறு வடித்த காலத்தில் கொதியைப் பார்த்து, வாசனை பிடித்து, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். கை வேலையில் இருந்ததால் கவனமும் அங்கேயே இருந்தது. வேலை போய் 'காத்திருந்து கவனிப்பது' மட்டும் மிஞ்சியபோது, கவனம் நழுவிவிட்டது.

இதை 1948-லேயே சோதித்துக் காட்டினார் நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்த வீரர்கள், நேரம் போகப் போக எதிரியின் அடையாளத்தைத் தவறவிட்டார்கள். ஏன் என்று கண்டுபிடிக்க அவர் ஒரு கடிகாரம் செய்தார. அதன் முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரண்டு படி தாண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு தவறவிடுவது அதிகமானது. அக்கறையில்லாததால் அல்ல. எதுவுமே நடக்காத ஒன்றை வெறுமனே பார்த்துக்கொண்டே இருப்பது மனித மூளைக்குக் கடினமான வேலை. அதுவும் உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் அதிகாலை நேரத்தில் இன்னும் கடினம்.

1983-ல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் இதில் உள்ள வேடிக்கையைப் போட்டு உடைத்தார். 'மனிதன் தப்பு செய்வான்' என்று சொல்லித்தான் வேலையை இயந்திரத்திடம் தருகிறோம். ஆனால் இயந்திரத்தால் சமாளிக்க முடியாத கஷ்டமான கட்டம் வந்தால், 'வா, நீ பார்த்துக்கொள்' என்று அதே மனிதனைத்தான் கூப்பிடுகிறோம். தினமும் செய்து பழகாததால் அவன் கை அதற்குள் துருப்பிடித்திருக்கும். செல்போன் வருவதற்கு முன் எத்தனை போன் நம்பர்கள் உங்களுக்கு மனப்பாடம்? இப்போது எத்தனை? அதே கதைதான்.

இந்தியாவில் பிறந்தவர் போட்டுக் கொடுத்த நான்கு படிகள்

இந்த விஷயத்தில் உலகமே மதிக்கும் பெயர்களில் ஒன்று ராஜா பரசுராமன். இந்தியாவில் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2015-ல் மறைந்தார். வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் எதை இயந்திரத்திடம் கொடுக்கலாம் என்று ஆராய்ந்து 1998-ல் அமெரிக்காவில் வெளியான அறிக்கையின் தொகுப்பாசிரியர்களில் இவரும் ஒருவர்.

2000-ல் இவரும் இரண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து சொன்னது எளிமையானது. 'தானியங்கி' என்பது ஒரே பொருள் அல்ல, அதில் நான்கு படிகள் உண்டு. உங்கள் போனில் இருக்கும் மேப்பை வைத்தே புரிந்துகொள்ளலாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டுவது முதல் படி: தகவல் சேர்ப்பது. தண்டையார்பேட்டையில் டிராஃபிக் என்று சிவப்புக் கோடு போடுவது இரண்டாவது: தகவலை அலசுவது. 'இந்த வழியாகப் போ' என்பது மூன்றாவது: முடிவு சொல்வது. ஸ்டீயரிங்கைத் தானே திருப்புவது நான்காவது: செய்து முடிப்பது.

முதல் இரண்டு படிகளில் இயந்திரத்துக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம். முடிவெடுக்கும் படியில், அதுவும் தவறினால் உயிர் போகும் என்கிற இடத்தில், இயந்திரம் பரிந்துரை சொல்வதோடு நின்றுகொள்வது நல்லது. இதுதான் அந்தச் சிந்தனையின் சாரம். 'முழுக்க இயந்திரமா, முழுக்க மனிதனா?' என்ற பட்டிமன்றத்தையே இது தேவையில்லாமல் செய்துவிடுகிறது. எந்தப் படியில், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார். இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்புவது ஆபத்து. அதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. சும்மா சும்மா அலாரம் அடிக்கும் கருவியை மனிதர்கள் நாளடைவில் மதிக்கவே மாட்டார்கள். 'புலி வருது, புலி வருது' கதைதான். துறைமுக வாசலில் கப்பல்கள் நெருங்கி நெருங்கித்தான் போகும். அங்கே நெருக்கத்துக்கெல்லாம் அலாரம் அடித்தால், உண்மையான புலி வரும் அன்று அந்தச் சத்தம் காதில் விழும், மனதில் விழாது.

டெல்லியில் கைகொடுத்த பழைய பழக்கம்

2025 நவம்பர் 6-ம் தேதி, டெல்லி விமான நிலையத்தில் விமானப் பயணத் திட்டங்களைத் தானாகவே கன்ட்ரோலர்களின் திரைக்கு அனுப்பும் அமைப்பு பழுதானது. அடுத்த நாள் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாகின. பயணிகள் பட்ட பாட்டை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் அங்கேயே மாட்டியிருக்கவும் கூடும்.

தாமதம்தான் செய்தியானது. செய்தியாகாத ஒன்று உண்டு. அந்த நேரம் முழுக்க கன்ட்ரோலர்கள் பயணத் திட்டங்களைக் கையாலேயே தயாரித்து விமானங்களை அனுப்பினார்கள். இயந்திரம் ஒரு நொடியில் செய்ததை மனிதர்கள் நிதானமாகச் செய்தார்கள். அதனால் தாமதம். ஆனால் விபத்து இல்லை. வேகமாகச் செய்ய முடியாதபோது எண்ணிக்கையைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, பத்திரமாகச் செய்வது என்பதும் ஒரு திறமை. அது கைவிடப்படாமல் இருந்ததால்தான் அன்று கைகொடுத்தது.

யூபர்லிங்கனில் ஒருவர் தனியாக மாட்டிக்கொண்டார். டெல்லியில் பலர் சேர்ந்து கையால் சமாளித்தார்கள். இரண்டு இடத்திலும் இயந்திரம் படுத்தது. வித்தியாசம், அது படுக்கும் நேரத்துக்கு மனிதர்களை எப்படித் தயார் செய்து வைத்திருந்தார்கள் என்பதில் இருந்தது.

திரையில் வராத ஃபைபர் போட்

மறுபடியும் நம் கடலுக்கு வருவோம். வடசென்னைக் கரையில் சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி என்று வரிசையாகத் துறைமுகங்கள். நடுவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். எண்ணெய்க் கப்பல், கேஸ் கப்பல், நிலக்கரிக் கப்பல், கன்டெய்னர் கப்பல், விசைப்படகு, ஃபைபர் போட் எல்லாம் இந்த ஒரே கடலில்தான்.

ஏ.ஐ.எஸ். திரையில், அந்தக் கருவி வைத்திருப்பவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். விடியலுக்கு முன் வலை விரிக்கப் போகும் சின்ன ஃபைபர் போட்டில் அது இருப்பது அரிது. ரேடாரிலும், இரும்புக் கப்பல் போல ஃபைபரும் மரமும் பளிச்சென்று தெரியாது. அலைகளின் இரைச்சலில் கரைந்துவிடும். திரையை மட்டும் நம்பும் கேப்டனுக்கு, அந்த போட்டும் அதில் இருக்கும் ஆளும் கடலிலேயே இல்லை!

இது கற்பனை பயம் இல்லை. 2017 ஜூன் 11 அன்று, கொச்சிக்கு வெளியே கடலில் 'ஆம்பர் எல்' என்ற சரக்குக் கப்பல் 'கார்மல் மாதா' என்ற மீன்பிடிப் படகில் மோதியதில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் திட்டங்கள் இப்போது நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் கருவி பொருத்துவது பாதி வேலை. எதிர்முனையில் அதைப் பார்த்து, புரிந்து, நேரத்தோடு திசை திருப்ப ஓர் ஆள் விழித்திருப்பது மீதிப் பாதி.

இனி துறைமுகத்திலோ, விமான நிலையத்திலோ, ரயிலிலோ 'எல்லாம் தானியங்கி ஆகப்போகிறது' என்று செய்தி வந்தால், என்ன விலை, எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாமல் இதையும் கேளுங்கள்.

கருவி ஒன்று சொல்லி மனிதர் வேறு சொன்னால் யார் பேச்சு செல்லும்? அது எழுத்தில் இருக்கிறதா? இரவு ஷிஃப்டில் எத்தனை பேர், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறார்கள்? கருவி படுத்துவிட்டால் கையால் செய்யும் பயிற்சி கடைசியாக எப்போது நடந்தது? பராமரிப்புக்காக ஒரு பகுதியை நிறுத்தினால், அது வேலையில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியுமா? முக்கியமாக, அந்தத் திரையில் தெரியாமல் விடுபட்டவர்கள் யார்?

இந்தக் கேள்விகளைக் கேட்க இன்ஜினீயராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏனென்றால், பதில் தப்பானால் வாளியைத் தூக்க வேண்டியவர்கள் நாம்தான். 2017-ல் எர்ணாவூரில் கழுத்து வரை கறுப்பு எண்ணெயில் நனைந்து நின்றவர்கள் யாரும் அந்த இரண்டு கப்பல்களையும் ஓட்டியவர்கள் இல்லை. வாங்க ஆள் இல்லாத மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காசிமேட்டுப் பெண்களுக்கும் அந்த ரேடாருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றால், கிழக்கே கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். மேலே ஏதாவது ஒரு விமானம் மினுக்கிக்கொண்டு போகும். முன்பெல்லாம் அதைப் பார்த்தால், உள்ளே யார் இருப்பார்கள், எந்த ஊருக்குப் போவார்கள் என்று யோசிப்பேன். இப்போது, எங்கோ ஓர் அறையில் அதன் புள்ளியைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் அந்த ஆளைப் பற்றி யோசிக்கிறேன். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். சரியான நேரத்துக்கு அவரை மாற்றிவிட ஆள் வர வேண்டும்.

கீழே அடுப்படியில் குக்கர் விசில் கேட்கிறது. இது மூன்றாவதுதான். இந்த முறை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்!